நாச்சிமுத்து பயந்த இடம்

ஒரு காட்டில், ராஜா மந்திரி காலமெல்லாம் முடிந்து பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்றிதழ் எல்லாம் வந்து சேர்ந்த பிறகு, நாச்சிமுத்து என்று ஓர் அழுங்கு வாழ்ந்துவந்தது. வாழ்ந்துவந்தார் என்றே சொல்வோம். சொந்த மனை வைத்திருந்தவரை அது இது என்று பேசுவது மரியாதை இல்லை.

அழுங்கைப் பார்த்திராதவர்களுக்காக ஒரு வார்த்தை. தலை முதல் வால் வரை ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி அடுக்கடுக்காகச் செதில் இருக்கும். நாக்கு நீளம். சாப்பாடு எறும்பும் கறையானும். வாயில் பல் கிடையாது, அதனால் யாரையும் கடிக்க வழியில்லை. ஆபத்து என்று வந்தால் அழுங்குக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். தலையை வயிற்றுக்குள் செருகி, வாலை மேலே போர்த்திக்கொண்டு பந்தாகச் சுருண்டுவிடும். அப்படிச் சுருண்டதைப் புலியாலும் பிரிக்க முடியாது.

மற்ற அழுங்குகள் புலியைக் கண்டால் சுருளும். நாச்சிமுத்து தபால்காரக் கொக்கைக் கண்டாலே சுருண்டுவிடுவார். அவர் கல்யாணத்தில் கெட்டிமேளம் கொட்டிய மாத்திரத்தில் மாப்பிள்ளை மணையில் உருண்டையாகக் கிடந்தார். பெண் வீட்டார் ஆளுக்கொரு பக்கம் இழுத்துப் பார்த்தார்கள். கடைசியில் கல்யாணப் பெண் ராமாத்தாளே எழுந்து, தாலியை வாங்கித் தானே கட்டிக்கொண்டு, மாப்பிள்ளையை உருட்டியபடி அக்கினியை வலம் வந்தாள். அன்றிலிருந்து அந்தக் குடும்பம் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

ராமாத்தாளும் அழுங்குதான். ஆனால் அவள் சுருண்டதை யாரும் பார்த்ததில்லை.

"ரெண்டு பேரும் சுருண்டுக்கிட்டா வீட்டை யாருங்க பாக்கறது?" என்பாள்.

வேங்கை மரத்தடியில் அவர்கள் வளை. வளைக்குக் கிழக்கே அவர்கள் மனையிலேயே ஒரு பெரிய கறையான் புற்று. அதுதான் அவர்களுக்கு அடுப்படி, மளிகைக் கடை, ரேஷன் கடை எல்லாம். எடுக்க எடுக்கக் குறையாது. புற்றைத் தாண்டி ஓர் எல்லைக்கல் நட்டிருந்தது. கல்லுக்கு அந்தப் பக்கம் காலி மனை.

அந்தக் காலி மனையைச் சென்னியப்பன் என்கிற காட்டுப்பன்றி வாங்கினான்.

சென்னியப்பன் கெட்டவன் என்று யாரும் சொல்ல முடியாது. குரல் பெரிசு, சிரிப்பு அதைவிடப் பெரிசு. வந்த அன்றைக்கே ஒரு கூடை காட்டுக்கிழங்கோடு வளை வாசலில் நின்றான்.

"நாச்சிமுத்தண்ணா! நானுங்க சென்னியப்பன்! பக்கத்துல ஊடு கட்டறேனுங்க! இனிமே நீங்க வேற நான் வேறயா? ஒரே குடும்பமுங்கண்ணா!"

நாச்சிமுத்து அதற்குள் சுருண்டிருந்தார். ராமாத்தாள்தான் கூடையை வாங்கி வைத்தாள். கிழங்கு அவர்கள் தின்னாத பண்டம். ஆனாலும் வாங்கி வைத்தாள்.

முதலில் மணல் வந்தது. அதைப் புற்றுக்குப் பக்கத்தில், நாச்சிமுத்துவின் மனையில் கொட்டினார்கள்.

"ரெண்டே நாளுங்கக்கா. மணலு பாவம், அது எங்க போயி நிக்கும்?" என்றான் சென்னியப்பன்.

பிறகு செங்கல் வந்து மணலுக்குத் துணையாக நின்றது. அதற்குப் பிறகு வாடகை யானை வந்தது. அஸ்திவாரப் பள்ளம் தோண்டுவதற்காகச் சென்னியப்பன் கயிறு பிடித்துச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தான். யானை கோட்டைப் பார்த்தது, தோண்டியது, போய்விட்டது. ராமாத்தாள் வெளியே வந்து பார்த்தபோது தோண்டிய பள்ளம் புற்றுக்கு மேற்கே இருந்தது. புற்று அந்தப் பக்கம் போயிருந்தது. எல்லைக்கல்லைக் காணோம்.

"கல்லுங்களா? எந்தக் கல்லுங்கக்கா?" என்று தலையைச் சொறிந்தான் சென்னியப்பன். "யானை தோண்டறப்பக் கல்லு மண்ணு எல்லாந்தான் வந்துது. அஸ்திவாரத்துக்குள்ள போயிருக்குமுங்க. ஆனா ஒண்ணு, நல்ல கெட்டிக் கல்லுங்க!"

"எங்க புத்து உங்க சுவத்துக்குள்ள மாட்டிக்கிச்சே தம்பி?"

"அட, புத்து எங்கீங்க்கா போகுது? நீங்க எப்ப வேணாலும் வந்து கதவைத் தட்டிச் சாப்புட்டுப் போங்க. நான் வேண்டாம்னு சொல்லிருவனா? மத்ததை அண்ணன்கிட்டப் பேசிக்கறேன். ஆம்பளைங்க விசயம், உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?"

ஆம்பளை வளைக்குள் இருந்தார்.

ராமாத்தாள் அவருக்கு ஒரே ஒரு வாக்கியம் சொல்லிக் கொடுத்தாள். "தம்பி, கல்லு இருந்த இடத்துக்கு அக்கட்டயே கட்டிக்கோ." நாச்சிமுத்து அதை வேங்கை மரத்திடம் சொல்லிப் பழகினார். மரத்திடம் நன்றாகவே சொன்னார். கொஞ்சம் கண்டிப்பாகக்கூடச் சொன்னார். மரம் எதிர்த்துப் பேசவில்லை.

அந்தத் தைரியத்தோடு பள்ளம் வரைக்கும் போனார். "தம்பி" என்று ஆரம்பித்தார்.

"அண்ணோவ்!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்த சென்னியப்பன் பாசத்தோடு அவர் முதுகில் ஒரு தட்டு தட்டினான். அவ்வளவுதான். உள்ளே இருட்டில், வாலுக்கும் வயிற்றுக்கும் நடுவே, நாச்சிமுத்து அந்த வாக்கியத்தை முழுசாக, தெளிவாக, ஒரு சொல் விடாமல் சொல்லி முடித்தார். அவருடைய வயிறு மட்டும் கேட்டுக்கொண்டது.

சென்னியப்பன் அவரை மெதுவாக உருட்டிக்கொண்டு வந்து வளை வாசலில் நிறுத்தினான். "அண்ணனைப் பத்திரமாக் கொண்டாந்து உட்டுட்டேனுங்க்கா. பேசிட்டோம். அண்ணன் ஒண்ணுஞ் சொல்லலீங்க."

இனி நில அளவை ஆபீசுக்குத்தான் போகவேண்டும் என்று ராமாத்தாள் முடிவு செய்தாள்.

அழுங்குகள் பகலில் தூங்கி இரவில் நடமாடும் ஜாதி. ஆபீசோ பகலில்தான் திறக்கும். இருவரும் தூக்கக் கலக்கத்தோடு போய் வரிசையில் நின்றார்கள். முன்னால் ஒரு கரடி கொட்டாவி விட்டது. நாச்சிமுத்து சுருண்டார். அப்புறம் வரிசை நகர நகர ராமாத்தாள் அவரைக் காலால் தள்ளிக்கொண்டே போனாள்.

மேசைக்குப் பின்னால் முள்ளம்பன்றி குமாஸ்தா உட்கார்ந்திருந்தார்.

"என்ன காணோம்?"

"எல்லைக்கல்லைக் காணோமுங்க."

"கல்லைக் காணோம்னா போலீசுக்குப் போகணும். எல்லையைக் காணோம்னாத்தான் இங்க. உங்களுக்கு எது காணோம்?"

"கல்லைக் காணோம், அதனால எல்லையும் காணோமுங்க. அளந்து தரணும்."

"ஆன்லைன்ல மனு போட்டாச்சா?"

"போடப் போனமுங்க. வலை அறுந்து கெடக்குது."

"சிலந்தி பிரசவ லீவுல இருக்குது. குஞ்சு பொரிச்சு வந்தாத்தான் வலை."

"அப்பக் கையில எழுதிக் குடுக்கட்டுங்களா?"

"தாராளமாக் குடுங்க. ஆன்லைன்ல போட்ட நம்பரை மேல குறிச்சுக் குடுங்க."

ராமாத்தாள் மேசைப் பக்கம் குனிந்தாள். பிறகு மூக்கை உறிஞ்சினாள். மேசைக்கு அடியில், பழைய பைல் கட்டுகளுக்கு நடுவே, அருமையான கறையான் வாசனை வந்தது.

"சரிங்க, நம்பர் வர்ற வரைக்கும் நாங்க இங்கயே இருக்கறோம். எங்களுக்குச் சாப்பாட்டுக்கு இங்க ஒண்ணும் பஞ்சமில்ல" என்று சொல்லிவிட்டு நாக்கை நீட்டி ஒரு வரிசைக் கறையானை வழித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

குமாஸ்தாவின் முள்ளெல்லாம் சிலிர்த்து நின்றது. கறையான் இருக்கிற வரைக்கும் கேட்டவர்களுக்கெல்லாம் 'பைலைக் கறையான் அரித்துவிட்டது' என்று பதில் எழுதிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். கறையானெல்லாம் தீர்ந்துபோனால் பைல்கள் பிழைத்துக்கொள்ளும். பைல்கள் பிழைத்தால் வேலை வந்துவிடும்.

"அம்மா! எந்திரிங்கம்மா! மனுவைக் குடுங்க. சர்வேயர் வந்து அளப்பாரு."

"எப்பங்க?"

"வரும்போது வருவாரு."

விஷயம் சென்னியப்பன் காதுக்குப் போனது. அவன் கோபித்துக்கொள்ளவே இல்லை.

"மனு குடுத்தீங்களாமாங்க்கா? குடுங்க, குடுங்க. அது உங்க உரிமை. நாளைக்குக் காலைல கான்கிரீட் போடறோம். நீங்களும் அண்ணனும் அவசியம் வந்து ஒரு வாய் சாப்புட்டுப் போகோணும்."

கான்கிரீட் விழுந்துவிட்டால் பிறகு சர்வேயர் வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான். ராமாத்தாளுக்கு அது நன்றாகத் தெரியும். சாயங்காலம் அவள் கத்தவில்லை, திட்டவில்லை. கணவருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். காலைல போயி அந்தப் பள்ளத்தோரமா நில்லுங்க. நின்னாப் போதும். நீங்க நிக்கறப்ப எப்புடி ஊத்துவான்?"

"பயமா இருக்குதே ராமாத்தா."

"புத்து போச்சுன்னாப் பட்டினிங்க. அது பயமா இல்லீங்களா?"

நாச்சிமுத்து யோசித்துப் பார்த்தார். அதுவும் பயமாகத்தான் இருந்தது. எந்தப் பக்கம் பார்த்தாலும் பயமாகவே இருப்பதால், எதையும் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு போய்விடுவது என்று முடிவு செய்தார்.

மறுநாள் காலை அப்படியே புறப்பட்டார். கண்ணை இறுக மூடிக்கொண்டு நேராக நடந்தார். பள்ளம் வந்தது, அதில் விழுந்து, அந்தப் பக்கமாகவே ஏறினார். புற்று வந்தது, அதில் முட்டிக்கொண்டு, சுற்றிக்கொண்டு நடந்தார். கல் இருந்த இடம் வந்தது, தாண்டிப் போனார். "நில்லுங்க! போதும்!" என்று ராமாத்தாள் பின்னால் கத்தினாள். அந்தச் சமயம் பார்த்துக் கலவை மிஷினை ஓட விட்டார்கள். கடகடவென்று இடி விழுந்தாற்போல் ஒரு சத்தம். நாச்சிமுத்து கைக்குக் கிடைத்ததைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சுருண்டார்.

கைக்குக் கிடைத்தது சென்னியப்பன் வீட்டு ஹாலுக்கு நட்ட நடுவே நிறுத்தியிருந்த தூண் கம்பி.

சென்னியப்பன் ஓடிவந்தான். "அண்ணா, எந்திரிங்கண்ணா! வழக்கம்போல ஊட்டுல கொண்டுபோயி உட்டர்றேன்!" உருட்டிப் பார்த்தான். உருளவில்லை. யானை துதிக்கையைச் சுற்றி இழுத்தது. செதில் கீறியதும் துதிக்கையை வாயில் வைத்துக்கொண்டு ஓரமாகப் போய் நின்றுவிட்டது. இன்னும் பலமாக இழுத்தால் கம்பி வளைந்துவிடும். மிஷினுக்குள் கலவை இறுகிக்கொண்டிருந்தது.

மரத்தின் மேலிருந்த மைனா போனை எடுத்து லைவ் போட்டது. "நேயர்களே! நில ஆக்கிரமிப்பை எதிர்த்து ஒரு தனி ஆளின் போராட்டம்! அன்னம் தண்ணி இல்லாமல் கம்பியைக் கட்டிப்பிடித்துக் கிடக்கிறார் நாச்சிமுத்து!"

உச்சி வெயிலுக்குள் பாதிக் காடு கூடிவிட்டது. மான்கள் கோஷம் போட்டன. குரங்குகள் தட்டி எழுதிக் கட்டின. "வீரன் நாச்சிமுத்து வாழ்க!" என்று காடே அதிர்ந்தது.

உள்ளே நாச்சிமுத்துவுக்குத் தன் இதயம் அடித்துக்கொள்வதுதான் முதலில் கேட்டது. அப்புறம் கோஷம் கேட்டது. வீரன் நாச்சிமுத்து என்று யாரோ வந்திருக்கிறான் போலிருக்கிறது என்று நினைத்தார். இத்தனை பேர் கத்துகிறார்கள் என்றால் மிகவும் முரடனாக இருப்பான். அவன் போகிற வரைக்கும் தலையை வெளியே நீட்டக்கூடாது. இன்னும் இறுக்கிக்கொண்டார்.

கூட்டம் கூடிவிட்ட செய்தி மேலே போனது. மேலே இருப்பவர்கள் கீழே இருப்பவர்களை விரட்டினார்கள். வராமலிருந்த சர்வேயர் அன்று மாலைக்குள் வந்துவிட்டார்.

சர்வேயர் ஓர் ஆந்தை. ஆபீஸ் நேரம் பகல், ஆந்தைக்கோ பகலில் கண் கூசும். ஆனால் பரீட்சை எழுதிப் பாஸ் செய்து வந்தவர், யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. கூடச் சங்கிலி பிடிக்க ஓர் ஓணான். எதைக் கேட்டாலும் அது தலையை ஆட்டும். அதற்காகத்தான் அந்த வேலையே அதற்குக் கிடைத்தது.

ஆந்தை தட்டித் தடவி நடந்து வந்து, கம்பியடியில் காலை இடித்துக்கொண்டார். குனிந்து தொட்டுப் பார்த்தார். கெட்டியாக, உருண்டையாக, சொரசொரவென்று இருந்தது.

"கல்லு இருக்குதேய்யா! யாரு காணோம்னு மனுக் குடுத்தது?"

சென்னியப்பன் பதறிப்போனான். "ஐயா, அது கல்லு இல்லீங்க! எங்க அண்ணனுங்க!"

"அண்ணன் தம்பி தகராறெல்லாம் சிவில் கோர்ட்டுல பாத்துக்க. ஏம்ப்பா ஓணான், இது கல்லுத்தானே?"

ஓணான் தலையை ஆட்டியது.

"மண்டையை ஆட்டறதுக்குக்கூட ஒரு ஞாயம் வேண்டாமுங்களா!" என்று கத்தினான் சென்னியப்பன். "நாச்சிமுத்தண்ணா, ஒரு வார்த்தை பேசுங்க!"

நாச்சிமுத்து பேசவில்லை.

"கல்லு பேசாது" என்றார் ஆந்தை. "இருந்தாலும் முறைப்படி கேட்டுடறேன். மனுதாரர் யாரு?"

ராமாத்தாள் முன்னே வந்தாள்.

கூட்டம் கழுத்தை நீட்டிப் பார்த்தது. சென்னியப்பன் அவளைப் பார்த்துக் கும்பிட்டான். பயந்துபோன அவன் முகத்தை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. "அக்கா, நீங்களே சொல்லுங்க்கா. உங்களுக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரியும். பழைய கல் எங்கே இருந்தது என்பதும் தெரியும். புற்றைத் தாண்டி அதை ஒட்டினாற்போல் இருந்தது, இவ்வளவு தூரம் தள்ளி இல்லை. ஒரே ஒரு வார்த்தை உண்மையைச் சொன்னால் சர்வேயர் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுவார். நாளைக்குக் காலை கான்கிரீட் விழும். புற்று போய்விடும். அவள் பள்ளத்தைப் பார்த்தாள். புற்றைப் பார்த்தாள். இத்தனை சத்தத்துக்கும் அசையாமல் கிடந்த கணவரைப் பார்த்தாள்.

"கல்லுத்தானுங்க" என்றாள்.

சங்கிலி போட்டு அளந்தார்கள். புற்று நாச்சிமுத்து பக்கம் வந்தது. அதோடு சென்னியப்பனின் சாமி அறையும், பாதி ஹாலும் கூடவே வந்தன.

கூட்டம் கலைந்து, மிஷினும் போன பிறகு, பொழுது சாய்கிற நேரத்தில் நாச்சிமுத்து மெல்லத் தலையை நீட்டினார். வீட்டுக்குப் போய் நடந்ததெல்லாம் கேட்டார்.

"என்னையக் கல்லுன்னா சொன்ன?"

"வேற என்னன்னு சொல்லோணுமுங்க? இத்தனை வருசத்துல நான் உங்களை வேற எப்புடிப் பாத்திருக்கேன்?"

நாச்சிமுத்து திரும்பிப் படுத்துக்கொண்டார். ஆனால் மனசு கேட்கவில்லை. பிறத்தியார் சொத்து. சென்னியப்பன் மணலைக் கொட்டினான், கல்லைப் பெயர்த்தான், எல்லாம் சரி. ஆனால் அவன் குட்டிகள் ஹாலில் விளையாடப்போகிறோம் என்று சுண்ணாம்புக் கோட்டுக்குள் குதித்துக்கொண்டிருந்ததை அவரும் வளைக்குள்ளிருந்து பார்த்திருக்கிறார். விடிந்ததும் நேரே ஆபீசுக்குப் போய், ஐயா நான் கல் இல்லை என்று சொல்லிவிடுவது என்று தீர்மானித்தார். போகிற வழியில் இரண்டு மூன்று தடவை சுருளவேண்டி வரும். பரவாயில்லை.

விடிந்ததும் கிளம்பினார். வாசலில் சென்னியப்பன் நின்றிருந்தான்.

அவன் கத்தவில்லை. சிரிக்கவில்லை. முதுகில் தட்டவில்லை. நாலடி தள்ளி நின்று, தலையைக் குனிந்து, "வணக்கமுங்க" என்றான். குரல் எழும்பவே இல்லை. "தங்களைத் தொந்தரவு பண்ணலாமுங்களா?"

நாச்சிமுத்து சுருளுவதற்குத் தயாராக முதுகை வளைத்தவர், அப்படியே நின்றார். என்னவோ வித்தியாசமாக இருந்தது. பயம் வரவேண்டிய இடத்தில் பயத்தைக் காணோம். எதிரில் நிற்பவன்தான் நடுங்கிக்கொண்டிருந்தான். பிறந்ததிலிருந்து அவரைப் பார்த்து யாரும் நடுங்கியது கிடையாது. நெஞ்சுக்குள் வெல்லத்தைக் கரைத்து ஊற்றினது போல இருந்தது.

"ஒரு முழம் மட்டும் விட்டுக் குடுத்தீங்கன்னா, சாமி அறையாச்சும் கட்டிக்குவேனுங்க" என்றான் சென்னியப்பன்.

உண்மையைச் சொல்ல நாச்சிமுத்து வாயைத் திறந்தார். திறந்த வாயிலிருந்து வேறு ஏதோ வந்தது.

"கவுருமெண்டு அளந்தது தம்பி. நான் என்ன பண்ண முடியும்?"

தன் குரல் இவ்வளவு கனமாக இருக்கும் என்று அவருக்கே தெரியாது. உள்ளே ராமாத்தாள் கறையானை விட்டுவிட்டு வாசலை எட்டிப் பார்த்தாள்.

ஆபீசுக்குப் போகவில்லை. திரும்பி வந்து படுத்துக்கொண்டார். நன்றாகத் தூங்கினார்.

சென்னியப்பன் அப்பீல் போட்டான். மறு அளவைக்கு உத்தரவு வந்தது. அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. சர்வேயர் வரும்போது கல் இருக்கவேண்டும். கல் இருக்கவேண்டுமானால் நாச்சிமுத்து சுருளவேண்டும். நாச்சிமுத்துவுக்கோ இப்போதெல்லாம் பயமே வருவதில்லை. மான்கள் வழியில் கண்டால் ஒதுங்கி நின்றன. மைனா பேட்டி கேட்டு நச்சரித்தது. கொக்கு தபாலை நீட்டினால் கையெழுத்துப் போட்டு வாங்கினார்.

மறு அளவை நாளில் கண்ணைத் திறந்துகொண்டே பக்கத்து மனைக்கு நடந்தார். தூண் கம்பிக்குப் பக்கத்தில் நின்றார். பிறகு, ஒரு யோசனையோடு, இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார். அங்கிருந்து பார்த்தால் மனை இன்னும் அம்சமாக இருந்தது.

தலையை வயிற்றுக்குள் செருகிப் பார்த்தார். நிற்கவில்லை, நழுவி வெளியே வந்தது. வாலைப் போர்த்தினார். அதுவும் விலகிக்கொண்டது.

"ராமாத்தா, வரமாட்டேங்குது."

"புலியை நெனைச்சுப் பாருங்க."

"நெனைச்சேன். புலிக்கு மனை இருக்குதான்னுதான் தோணுது."

தூரத்தில் சங்கிலிச் சத்தம் கேட்டது. ராமாத்தாள் ஒரு கணம் யோசித்தாள். பிறகு அவர் காதுக்குள் சொன்னாள். "சர்வேயர் வந்ததும் உங்களைய நாலு வார்த்தை பேசச் சொல்றாங்களாம். அதோ, மேடை போட்டு மைக்கு வெச்சிட்டாங்க."

வார்த்தையை முடிப்பதற்குள் அவர் உருண்டையாகிவிட்டார்.

ஆந்தை வந்தார். தடவிக்கொண்டே மனை நெடுக நடந்தவர், நாச்சிமுத்துவின் வளை வாசலில் எதன் மேலோ தடுக்கி விழுந்தார். அங்கே பெரிசாக, கறுப்பாக ஒன்று குறுகிக் கிடந்தது. மூக்கை முன்னங்கால்களுக்கு நடுவே செருகி, கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது.

"யாரது?"

"நான் கல்லுங்க" என்றான் சென்னியப்பன்.

ஆந்தைக்குச் சந்தேகம் வந்தது. கல் பேசாது என்று அவருக்கே தெரியும். இருந்தாலும் ஓணானைக் கேட்டார். ஓணான் தலையை ஆட்டியது. அந்தச் சமயத்தில் ஓர் ஈ வந்து சென்னியப்பனின் முதுகில் உட்கார்ந்தது. அவன் வால் தானாக ஒரு சுழற்று சுழற்றி ஈயை விரட்டியது. ஈ மறுபடி வந்து உட்கார்ந்தது. வால் மறுபடி சுழன்றது. சென்னியப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், அவன் சுபாவம் அப்படி. அவன் எதற்கும் பயந்து பழகாதவன். ஹாலே போனாலும் ஒரு நாள் கும்பிட்டு நின்றான், மறுநாளே சரியாகிவிட்டான். நெஞ்சில் பயமில்லாத ஒருவனால் எவ்வளவு நேரம் கல்லாகக் கிடக்க முடியும்?

ஆந்தை எழுந்து இறக்கையைத் தட்டிக்கொண்டார்.

"ஆடுது, சிரிக்குது. இது அசையும் சொத்து. நம்ம டிபார்ட்மெண்ட் இல்ல."

பிறகு நாச்சிமுத்து கிடந்த இடத்துக்குப் போனார். தட்டினார். உதைத்தார். காதுக்குப் பக்கத்தில் உரக்கக் கூவினார். மேடையில் தன்னைத்தான் பேச அழைக்கிறார்கள் என்று நினைத்து நாச்சிமுத்து இரும்பாக இறுகினார்.

"ஆகா! அசையாச் சொத்துன்னா இதுதான்யா!" என்று மனம் குளிர்ந்த ஆந்தை, இனிமேல் யாரும் காணோம் என்று மனு எழுதிக்கொண்டு வரக்கூடாது என்பதற்காக, அவர் முதுகில் வெள்ளைப் பெயிண்டால் சர்வே நம்பர் எழுதி, பக்கத்தில் ஓர் அம்புக்குறியும் போட்டுவிட்டுப் போனார்.

சென்னியப்பன் மிச்சமிருந்த இடத்தில் வீட்டைக் கட்டி முடித்தான். மெல்லிசான வீடு. அவன் உள்ளே போகும்போது குட்டிகள் வெளியே வந்து நின்றுகொள்ளும். கிரகப்பிரவேசத்துக்கு நாச்சிமுத்து தம்பதியைக் கூப்பிட்டான். போய் வாசலில் நின்றே சாப்பிட்டுவிட்டு வந்தார்கள்.

ஒரு நாள் சாயங்காலம், புதிதாகச் சேர்ந்த இடத்தில் இருவரும் காற்றாட உட்கார்ந்திருந்தார்கள். ராமாத்தாள் நாக்கால் எறும்பைத் துழாவிக்கொண்டே சொன்னாள். "மேக்கால மனையில மொசலு ஊடு கட்டப் போகுதாமுங்க. நல்ல அகலமான எடம். இன்னும் வேலிகூடப் போடலியாமா."

நாச்சிமுத்து மேற்கே திரும்பிப் பார்த்தார். முயலின் மனை வெயில் தாழ்ந்த மஞ்சளில் பரந்து கிடந்தது. ஓரத்தில் ஒரு சின்ன ஓடை, நிழலுக்கு இரண்டு மரம். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏனுங்க, என்ன பேச்சே காணோம்?"

"தெரியல ராமாத்தா" என்றார் நாச்சிமுத்து. "அந்த ஓடைக்கு அக்கட்டப் பாத்தா எனக்குக் கொஞ்சம் பயமா இருக்குது."

நீதி: பயந்த சுபாவம் ஒரு குறையே அல்ல. அதைச் சொந்த வீட்டுக்குள் வைத்துக்கொண்டு வீணாக்குவதுதான் குறை.